பதிலுக்கு என்ன விலை?

வெங்கடாபுரம், மேனாம்பேடு, கள்ளிக்குப்பம்... அம்பத்தூரில் எந்தப் பக்கம் நீங்கள் குடியிருந்தாலும் சரி, இது ஒரு தடவையாவது நடந்திருக்கும். பகல் பதினொரு மணி. காலிங்பெல் அடிக்கிறது. வாசலில் ஒரு பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்.

'மேடம், சர்வேக்காக வந்திருக்கோம். பத்து நிமிஷம்தான்.'

அந்தப் பத்து நிமிஷம் முக்கால் மணி நேரம் நீளும். வீட்டில் முக்கியமாகச் சம்பாதிப்பவர் யார், எதுவரை படித்தவர்? ஃப்ரிட்ஜ் இருக்கிறதா, வாஷிங் மெஷின் இருக்கிறதா, கார் இருக்கிறதா, ஏ.சி. இருக்கிறதா, ஊரில் விவசாய நிலம் இருக்கிறதா? சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட இவ்வளவு வெளிப்படையாகக் கேட்க மாட்டார்கள். அந்தப் பெண்ணைக் கோபித்துப் பயனில்லை. 2011ல் இந்திய மார்க்கெட் ரிசர்ச் துறை ஏற்படுத்திக்கொண்ட அளவுகோல் அப்படி. சம்பாதிப்பவரின் படிப்பையும், 11 அயிட்டங்கள் கொண்ட ஒரு பட்டியலில் எத்தனை உங்களிடம் இருக்கிறது என்பதையும் வைத்து, ஏ-1 தொடங்கி இ-3 வரை 12 படிகளில் ஏதோ ஒரு படியில் உங்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் நிஜமான கேள்விகள். என்ன டீத்தூள்? போன மாசம் வேற தூளா? ஏன் மாத்தினீங்க? விளம்பரத்தில் வரும் அந்த நடிகையைப் பிடிக்குமா, ரொம்பப் பிடிக்குமா, பிடிக்கவே பிடிக்காதா?

எல்லாம் முடிந்து கிளம்பும்போது பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸ் வெளியே வரும். அல்லது பிளாஸ்டிக் டப்பா. அல்லது ஒரு கூப்பன். பக்கத்து ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு ரக பிஸ்கெட்டை ருசி பார்க்கச் சொல்லியிருந்தால் கொஞ்சம் கூடுதலாக ஏதாவது கிடைக்கும்.

இது கட்டுப்படியாகுமா? நம் நேரத்துக்கும் அந்தரங்கத்துக்கும் ஒரு டிபன் பாக்ஸ் சரியான விலைதானா?

மேலோட்டமாகக் கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு டிபன் பாக்ஸ் வாங்கப் போனால் நஷ்டம் அவருக்குத்தான். ஆனால் கணக்கை இத்தோடு முடித்துவிடாதீர்கள். அவர் வாங்கும் சம்பளத்திலேயே ஒரு பங்கு, யாரோ எப்போதோ இதே மாதிரி வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு வேறு யாரோ பொறுமையாகச் சொன்ன பதிலிலிருந்து வந்ததுதான். நம்ப முடியவில்லையா? ஒரு தொண்ணூறு வருஷம் பின்னால் போய்வரலாம், வாருங்கள்.

1935. வெள்ளைக்காரன் ஆட்சி. மெட்ராஸ் ராஜதானி அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. சென்னை நகரத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தொழிலாளிகளின் குடும்ப பட்ஜெட்டை விசாரித்து எழுத ஆள் அனுப்பியது. என்ன வருகிறது, என்ன போகிறது? அரிசிக்கு எவ்வளவு, விறகுக்கு எவ்வளவு, வாடகை எவ்வளவு, துணிமணிக்கு எவ்வளவு, வெற்றிலை பாக்கு புகையிலைக்கு எவ்வளவு? கடன்?

சும்மா கற்பனை செய்து பாருங்கள். மில்லில் இருந்து களைத்துப்போய் வந்தவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். சர்க்கார் ஆள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து 'போன மாசம் எத்தனை படி அரிசி?' என்கிறான். சம்பளத்தைக் குறைக்க வந்திருக்கிறானோ, வரி போட வந்திருக்கிறானோ என்ற பயம் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தும் பலர் பதில் சொன்னார்கள். விசாரணையின் அறிக்கை 1938ல் அச்சாகி வெளிவந்தது.

அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு தராசு செய்தார்கள். ஒரு தொழிலாளிக் குடும்பம் செலவழிக்கும் 100 ரூபாயில் சாப்பாட்டுக்கு இத்தனை, வாடகைக்கு இத்தனை, விறகு விளக்குக்கு இத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை. 1935 ஜூலையிலிருந்து 1936 ஜூன் வரையிலான ஒரு வருஷத்து விலைவாசியை 100 என்று வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு விலை ஏற ஏற அந்த எண்ணும் ஏறும். சென்னை நகர வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் என்று அதற்குப் பெயர்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எடைதான் எல்லாம். அரிசி விலை இரண்டு மடங்கானால் எண் எவ்வளவு ஏறும் என்பது, அந்தக் குடும்பங்கள் 'அரிசிக்கு இவ்வளவு செலவு பண்றோம்' என்று என்ன சொன்னார்கள் என்பதைப் பொறுத்தது. குறைத்துச் சொல்லியிருந்தால் எண் குறைவாக ஏறும். கூட்டிச் சொல்லியிருந்தால் கூட ஏறும்.

அடுத்த சில வருஷங்களில் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. விலைவாசி தலைகால் தெரியாமல் ஏறியது. தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டார்கள். இன்றைக்கு அகவிலைப்படி, டி.ஏ. என்கிறோமே, அதற்கு அன்றைய பெயர். எவ்வளவு கொடுப்பது? எதை வைத்து நிர்ணயிப்பது? கையில் தயாராக இருந்தது அந்த எண். குறியீட்டெண் 100க்கு மேல் எத்தனை புள்ளி ஏறுகிறதோ, ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை அணா என்று சென்னை மாகாணத்து மில்களில் பஞ்சப்படி கணக்கிடும் முறை வேர் பிடித்தது.

ஆக, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்கு எவ்வளவு, விறகுக்கு எவ்வளவு என்று சொன்ன சில குடும்பங்களின் வார்த்தை, முகம் தெரியாத எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்கு அணா பைசாவாகப் போய்ச் சேர்ந்தது.

அந்தச் சங்கிலி அறுபடவே இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய அரசின் லேபர் பீரோ இதை நாடு முழுவதற்கும் விரித்தது. 1958-59ல் சென்னை, மதுரை, கோவை உட்பட 50 தொழில் நகரங்களில் குடும்பங்களை விசாரித்தார்கள். 1960ஐ அடிப்படையாக வைத்துப் புதிய எண் பிறந்தது. பிறகு 1982, 2001, 2016 என்று அடிப்படை ஆண்டு மாறிக்கொண்டே வந்தது. மக்களின் செலவுப் பழக்கம் மாறும்போது தராசையும் மாற்றத்தானே வேண்டும்?

இதற்கிடையில் அம்பத்தூருக்கு வருவோம். 1949ல் இங்கே டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1959ல் டன்லப் வந்தது. 1964ல் 1,400 ஏக்கருக்கு மேல் பரப்புள்ள தொழிற்பேட்டை எழுந்தது. பெரிய கம்பெனிகளுக்கு நட்டு, போல்ட்டு, ஸ்பிரிங், டை செய்து கொடுக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள். தமிழக அரசு பல தொழில்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தில் அகவிலைப்படியை எதோடு முடிச்சுப் போட்டார்கள்? சென்னை நகரக் குறியீட்டெண்ணோடு. ஜனவரி முதல் டிசம்பர் வரை சராசரி எடுத்து, ஏப்ரல் 1ஆம் தேதி புது டி.ஏ.

வேடிக்கை என்னவென்றால் 2011 அக்டோபர் வரை அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள்ளேயே இல்லை. தனி நகராட்சி. தண்ணீர் வரி கட்ட வேறு ஊர், டி.ஏ. வாங்க மட்டும் சென்னை!

சரி, அரசாங்க சர்வே கதை இது. இம்மாதிரி கணக்கெடுப்புகளில் பதில் சொல்கிறவருக்கு நம் நாட்டில் பணம் கொடுக்கும் வழக்கம் கிடையாது. ஆனால் சோப்புக் கம்பெனிக்காகவும் டி.வி. சேனலுக்காகவும் கேட்கிறவர்கள் ஏதாவது கொடுத்துத்தான் ஆகவேண்டும். அவர்கள் உங்கள் பதிலை வைத்து வியாபாரம் செய்யப் போகிறார்கள். சும்மா கேட்டால் நீங்கள் ஏன் சொல்ல வேண்டும்?

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதை முதலில் அழகாகப் புரிந்துகொண்டவர் ஆர்தர் நீல்சன் என்ற அமெரிக்கர். 1923ல் சிகாகோவில் கம்பெனி ஆரம்பித்தவர். வீட்டு ரேடியோவில் எந்த ஸ்டேஷன் எத்தனை நேரம் ஓடியது என்பதைத் தானாகவே பதிவு செய்யும் ஒரு பெட்டியை வீடுகளில் வைத்தார். ஆடிமீட்டர் என்று பெயர். பதிவான ஃபிலிமை வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தபாலில் அனுப்பிவிட்டுப் புது ஃபிலிம் போட வேண்டும். வீட்டுக்காரர்கள் மறந்துவிட்டால்?

அதற்கு ஒரு ஏற்பாடு செய்தார்கள். புது ஃபிலிமை உள்ளே தள்ளினால் பெட்டியிலிருந்து இரண்டு கால் டாலர் நாணயங்கள் 'டங், டங்' என்று வெளியே வந்து விழும். அரை டாலர். குழந்தைகள் ஞாபகமாக மாற்றிவிடுவார்கள்.

கவனித்தீர்களா? நாணயம் விழுந்தது ஃபிலிம் மாற்றியதற்கு. நீங்கள் பாட்டு கேட்டீர்களா, நாடகம் கேட்டீர்களா, பிரசங்கம் கேட்டீர்களா என்பதைப் பற்றி அந்தப் பெட்டிக்குக் கவலையில்லை. எதைக் கேட்டாலும் அரை டாலர்தான். சிரமத்துக்குக் கூலி, அவ்வளவே. பதிலுக்கு விலை வைக்கவில்லை.

இந்தக் கோடு மெலிசானது. இந்தியாவில் ஒரு தடவை அதை அடியோடு புரட்டிப் போட்டார்கள்.

ஸ்பீக் ஏசியா ஆன்லைன் என்ற பெயர் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். சிங்கப்பூர் கம்பெனி என்றார்கள். 2010ல் இந்தியாவுக்கு வந்தது. டி.வி.யைத் திறந்தால் விளம்பரம். விஷயம் எளிமையானது. 11,000 ரூபாய் கட்டிச் சேருங்கள். ஒரு மின் பத்திரிகைக்குச் சந்தா என்று அதற்குப் பெயர். வாரத்துக்கு 2 சர்வே உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். ஒரு சர்வே நிரப்பினால் 500 ரூபாய். வருஷத்துக்கு 52 வாரம். பெருக்கிப் பாருங்கள், 52,000 ரூபாய். வீட்டில் உட்கார்ந்தபடியே! தெரிந்தவர்களைச் சேர்த்துவிட்டால் அதற்குத் தனி போனஸ்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை. இந்தப் பதில்களைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வது யார்? 2011 மே மாதம் பத்திரிகையாளர்கள் அதைக் கேட்டார்கள். 'எங்கள் வாடிக்கையாளர்கள்' என்று இவர்கள் பெயர் சொன்ன பெரிய நிறுவனங்கள், எங்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று கைவிரித்துவிட்டன. பட்டுவாடா நின்றது. மும்பைப் போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. போலீஸ் சொன்ன கணக்குப்படி சேர்ந்தவர்கள் சுமார் 24 லட்சம் பேர். பணம் 2,276 கோடி ரூபாய். விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போய், ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி ஆர்.சி. லகோத்தி சமரசம் செய்து வைக்க நியமிக்கப்பட்டார்.

24 லட்சம் பேர் முட்டாள்களா என்ன? இல்லை. படித்தவர்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள், ரிட்டயர் ஆனவர்கள், பகலில் வீட்டில் இருக்கும் பெண்கள். ஒரு சர்வேயில் நீங்கள் விற்பவர், அவர்கள் வாங்குபவர். விற்பவர் எதற்கு முன்பணம் கட்ட வேண்டும்? மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்கப் போகிற விவசாயி வாங்குகிறவனுக்குக் காசு கொடுப்பானா? இந்தச் சின்ன லாஜிக்கை அந்த 52,000 மறைத்துவிட்டது. இன்றைக்கு செல்போனில் 'ரிவ்யூ எழுதுங்கள், சர்வே நிரப்புங்கள், முதலில் கொஞ்சம் டெபாசிட் கட்டுங்கள்' என்று வரும் மெசேஜ்களுக்கும் அதே வயிறு, வேறு சட்டை.

காசு உங்கள் பக்கத்திலிருந்து போனால் மோசடி. புரிகிறது. ஆனால் உங்கள் பக்கத்துக்கு அளவுக்கு மீறி வந்தாலும் ஆபத்துதான். இதற்கு 2020 அக்டோபருக்குப் போக வேண்டும்.

அந்த மாதம் 8ஆம் தேதி மும்பைப் போலீஸ் கமிஷனர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ஒரு குண்டு போட்டார். டி.வி. சேனல்களின் ரேட்டிங்கை அளக்க வீடுகளில் கருவி வைத்திருக்கிறார்களே, அப்படிப்பட்ட சில வீடுகளுக்கு மாதம் 400, 500 ரூபாய் கொடுத்து, குறிப்பிட்ட சேனலையே ஓட விடச் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டி.வி. ஓடவேண்டும். இங்கிலீஷ் தெரியாத வீட்டில்கூட இங்கிலீஷ் சேனல் ஓடியதாகச் சொன்னார்கள்.

வழக்கு எங்கெங்கோ சுற்றியது. கடைசியில் 2024ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அரசுத் தரப்பே கேட்க, நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. ஆகவே யார் செய்தார்கள், செய்யவில்லை என்ற பஞ்சாயத்துக்குள் நாம் போகவேண்டாம். நமக்கு வேண்டியது அந்த 400 ரூபாய்.

அன்றைக்கு இந்தியாவில் கருவி வைத்திருந்த வீடுகள் சுமார் 44,000. டி.வி. உள்ள வீடுகள் சுமார் 20 கோடி. வகுத்துப் பாருங்கள். ஒரு வீடு கிட்டத்தட்ட நாலாயிரத்து ஐந்நூறு வீடுகள் சார்பில் பேசுகிறது. இந்த எண்ணை வைத்துத்தான் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் விளம்பரப் பணம் எந்தச் சேனலுக்கு என்று முடிவாகிறது. அப்படியானால் ஒரு வீட்டை 400 ரூபாய்க்கு வளைப்பதைவிட மலிவான வியாபாரம் உலகத்தில் உண்டா? 400 ரூபாய் வாங்குகிறவர் யாருக்கும் கெடுதல் செய்ததாக நினைத்திருக்க மாட்டார். டி.வி.தானே, ஓடட்டும்! ஆனால் அவர் அடகு வைத்தது அந்த நாலாயிரத்து ஐந்நூறு வீடுகளின் வாயை.

விளைவு? செய்திச் சேனல்களின் வாராந்திர ரேட்டிங்கை வெளியிடுவதையே அந்த அக்டோபரில் நிறுத்தினார்கள். 12 வாரத்துக்கு என்றுதான் ஆரம்பித்தார்கள். மறுபடி வந்தது 2022 மார்ச்சில்! கலப்படம் இருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டால் நல்ல பாலையும் சேர்த்துத்தான் கீழே கொட்ட வேண்டியிருக்கிறது.

அதே 2020 அக்டோபரில் இன்னொரு செய்தியும் வந்தது. இந்தக் களேபரத்தில் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. தொழிலாளர்களுக்கான விலைவாசிக் குறியீட்டெண்ணின் புதிய வரிசையை, 2016ஐ அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசு வெளியிட்டது. 88 நகரங்கள். பதில் சொன்ன குடும்பங்கள் எத்தனை தெரியுமா? 48,384.

அங்கே 44,000 வீடுகள், இங்கே 48,384 குடும்பங்கள். ஏறக்குறைய ஒரே அளவு. முதலாவது, யார் டி.வி.யில் என்ன பார்க்கிறார்கள் என்று விளம்பரதாரருக்குச் சொல்கிறது. இரண்டாவது, ஒரு தொழிலாளிக் குடும்பம் உயிர் வாழ என்ன செலவாகிறது என்று சம்பளம் கொடுப்பவருக்குச் சொல்கிறது. மத்திய அரசு ஊழியர்கள், வங்கி ஊழியர்கள் என்று லட்சக்கணக்கானோரின் டி.ஏ. இந்த எண்ணில் தொங்குகிறது.

அந்த 48,384 குடும்பங்கள் என்ன சொன்னார்கள்? 2001 கணக்கில் உணவு மற்றும் பானங்களுக்கு 100க்கு 46.20 எடை இருந்தது. 2016 கணக்கில் அது 39.17 ஆகிவிட்டது. வீட்டு வாடகை 15.27லிருந்து 16.87 ஆனது. மருத்துவம், படிப்பு, போக்குவரத்து எல்லாம் சேர்ந்த 'இதர' வகை 23.26லிருந்து 30.31க்குத் தாவியது. 1857ல் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மன்காரர், பெல்ஜியத் தொழிலாளர்களின் வரவு செலவுக் கணக்குகளை அலசி ஒரு விதி சொன்னார். வருமானம் ஏற ஏற, மொத்தச் செலவில் சாப்பாட்டின் பங்கு குறையும் என்று. நம் வீட்டுக் கணக்கிலும் அதுதான் நடந்திருக்கிறது. ஸ்கூல் ஃபீஸையும் பஸ் கட்டணத்தையும் மறைக்காமல் சொன்னவர்களால்தான் இது எண்ணில் ஏறியது. இனி அவை ஏறினால் டி.ஏ.வும் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக அசையும்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கட்டுப்படியாகுமா?

பணமாகப் பார்த்தால் ஒருபோதும் கட்டுப்படியாகாது. ஆகவும் கூடாது. சர்வேயில் கலந்துகொண்டு குடும்பம் நடத்தலாம் என்கிற அளவுக்குக் காசு வந்தால், காசுக்காகவே ஆட்கள் வருவார்கள். டீயே குடிக்காதவர் 'நாலு வேளை டீ' என்பார், அவர் பதிலால் யாருக்கும் பிரயோஜனம் இராது. மறுபக்கம், ஒன்றுமே தராமல் முக்கால் மணி நேரத்தைத் திருடுவதும் நியாயமில்லை. வேலைக்குப் போகிறவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். பகலில் சும்மா இருப்பவர்கள் மட்டும் பேசுவார்கள். அவர்கள் ருசிதான் ஊர் ருசி என்று கம்பெனி நினைத்துக்கொள்ளும். அதனால் டிபன் பாக்ஸை மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அது நீல்சன் பெட்டியிலிருந்து விழுந்த அரை டாலர் மாதிரி, உங்கள் நேரத்துக்கு.

வாங்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். யாருக்காக இந்த சர்வே? என் பெயரும் போன் நம்பரும் எங்கே போகும்? நடுவில் வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாமா? கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சர்வே என்ற பெயரில் சரக்கு விற்கக்கூடாது என்பதும் பதில் சொல்வது உங்கள் இஷ்டம் என்பதும் மார்க்கெட் ரிசர்ச் துறை தனக்குத்தானே விதித்துக்கொண்ட தர்மம். அதன் முதல் சர்வதேச விதித்தொகுப்பு 1948லேயே வந்துவிட்டது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 2023ல் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. பதில் சொல்லத் தயங்கினால், அல்லது 'முதல்ல நீங்க கொஞ்சம் பணம் கட்டணும்' என்றால், கதவைச் சாத்திவிடலாம். 'இந்தப் பதிலைச் சொன்னா இவ்வளவு' என்று யாராவது ஆரம்பித்தாலும் அப்படியே.

ஒரு நாள் லேபர் பீரோவிலிருந்தோ வேறு அரசாங்கக் கணக்கெடுப்பிலிருந்தோ ஆள் வரக்கூடும். அவர் கையில் டிபன் பாக்ஸ் இருக்காது. கூப்பன் இருக்காது. கேள்விகளோ எக்கச்சக்கமாக இருக்கும். அடையாள அட்டையைச் சரிபார்த்துவிட்டு, அவரை உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். வாடகை எவ்வளவு என்று கேட்டால், 'எதுக்கு வம்பு' என்று ஆயிரம் ரூபாயைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அந்த ஆயிரம் எஸ்டேட்டில் யாரோ ஒருத்தர் சம்பளத்தில் குறையும். அது உங்கள் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.